வாசல் மூடியது, பேர் நிலைத்தது

இந்த முறை நம் சுவரில் நான் எழுதப்போவது பாவ்லே வுயிசிச் என்ற செர்பிய சினிமா நடிகரைப் பற்றி. பேரைப் படிச்சதும் நாக்கு சுளுக்குதா? பரவாயில்லை, கதையைக் கேளுங்க.

1926 ஜூலை 10-ல் பெல்கிரேடு நகரில் பிறந்தார். சட்டம் படித்தார், பத்திரிகையாளராக வேலை பார்த்தார். ஆனால் மனசு நடிப்பில்தான் இருந்தது. நடிப்புக் கல்லூரிக்குப் போய்க் கேட்டார். அங்கே அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை!

வேற யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பாங்க. இவர் 1950-ல் 'அற்புத வாள்' என்ற படத்தில் ஒரு சின்ன வேஷத்தில் தலைகாட்டினார். அப்புறம் நிற்கவே இல்லை. சினிமா, டிவி என்று நூற்றுக்கும் மேலே நடித்துத் தள்ளினார்.

பெரும்பாலும் இவருக்குக் கிடைத்தவை ஹீரோ வேஷங்கள் கிடையாது. கனத்த உடம்பு, முரட்டு முகம். அதனால் தெருவில் தினமும் பார்க்கிற ஆளாகவே வந்தார். 1970-களில் வந்த ஒரு டிவி தொடரில் லாரி டிரைவர். 1982-ல் சவப்பெட்டி செய்யும் குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவைப் படத்தில் தாத்தா. 1985-ல் குஸ்துரிக்கா இயக்கிய படத்திலும் தாத்தாதான். அந்தப் படம் பிரான்சில் கான் விழாவின் மிகப் பெரிய பரிசான தங்கப் பனையை வென்றது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1980-ல் வந்த 'அங்கே பாடுவது யார்' படம். 1941 ஏப்ரல் 5-ஆம் தேதி, ஒரு ஓட்டை பஸ் பெல்கிரேடுக்குப் புறப்படுகிறது. மகன் டிரைவர். அப்பா வுயிசிச் பஸ் முதலாளி, கண்டக்டரும் அவரே. டிக்கெட் விஷயத்தில் ரொம்ப கறார்! பஸ்ஸின் பின்பக்கம் பன்றிகளையும் ஏற்றியிருப்பார். வழியெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் மறுநாள் ஏப்ரல் 6. அன்றுதான் ஜெர்மன் விமானங்கள் பெல்கிரேடில் குண்டு போட்டன. சிரிச்சுக்கிட்டே போன பஸ் அந்தக் குண்டில் சிக்குகிறது.

இதில் ஒரு விஷயம் கவனிங்க. நிஜமாகவே அந்தக் குண்டுகள் விழுந்தபோது வுயிசிச்சுக்கு வயசு 14. தன் ஊர் எரிந்த நாளுக்கு முந்தைய நாளைத்தான் 39 வருஷம் கழித்து நடித்துக் காட்டினார். 1996-ல் செர்பிய சினிமா நிபுணர்கள் சேர்ந்து, அதுவரை வந்த செர்பியப் படங்களில் இதையே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1988 அக்டோபர் 1-ல், 62-ஆம் வயதில், கடலோர ஊரான ஓபாட்டியாவில் காலமானார்.

கதை அங்கே முடியலை. 1994-ல் அவர் பெயரில் ஒரு விருது தொடங்கினார்கள். வாழ்நாள் முழுக்க சினிமாவில் நன்றாக நடித்தவர்களுக்கு அங்கே தரப்படும் பெரிய மரியாதை அது. நடிப்புக் கல்லூரியில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்களும், கல்லூரி வேண்டாமென்று அனுப்பிய மனிதரின் பேர் போட்ட விருதைப் பெருமையாக வாங்கிக்கொள்கிறார்கள்!

கேட்ட குரூப் கிடைக்காமல் முகம் வாடி நிற்கிற அண்ணன்களே, அக்காக்களே! இந்த மூலையை உங்களுக்காகத்தான் எழுதினேன். ஒரு வாசல் மூடினால் கொஞ்சம் அழுங்க, தப்பில்லை. அப்புறம் அடுத்த வாசலில் ஒரு சின்ன வேஷமாவது கிடைக்குதான்னு பாருங்க.