கம்ப்யூட்டர் விதி தந்த மதுரைக் குழந்தை

கொடுங்கையூரில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் 'டி மார்கன் விதி' என்று மனப்பாடம் செய்கிறார்களே, அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது மதுரையில்! ஆண்டு 1806. தந்தை, கம்பெனி ராணுவ அதிகாரி.

குழந்தையிலேயே வலது கண் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்து கொண்டு போனார்கள்.

கேம்பிரிட்ஜில் படித்தார். மத உறுதிமொழியில் கையெழுத்துப் போட மறுத்தார். அதனால் எம்.ஏ. பட்டம் கிடைக்கவில்லை. 1828-ல், 21 வயதில், லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

அவர் விதி என்ன? பாஸும் ஹெல்மெட்டும் இருந்தால் துறைமுக கேட்டில் விடுவார்கள். விடவில்லையா? பாஸ் இல்லை, அல்லது ஹெல்மெட் இல்லை. அவ்வளவுதான்! இன்று புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி.

1866-ல் ஒருவருக்கு மதத்தைக் காரணம் காட்டிப் பேராசிரியர் வேலை மறுக்கப்பட்டது. கொதித்துப்போன டி மார்கன் தன் வேலையையே உதறினார். 1871-ல் காலமானார்.