கண்ணொளி வழங்கிய மதுரை மருத்துவர்



நம் ஆண்டிதழைப் புரட்டினால் தமிழறிஞர்களின் வாழ்க்கை வரலாறு ஒன்றேனும் கண்ணில் படும். மறைமலையடிகளுக்கும் தனிநாயக அடிகளுக்கும் உரிய இந்தப் பக்கங்களுக்கு இம்முறை நான் ஒரு மருத்துவரை அழைத்து வருகிறேன். அவர் நூல் பதிப்பித்தவரும் அல்லர், மேடைகளில் முழங்கியவரும் அல்லர். ஆயினும் இருளில் கிடந்த இலட்சக்கணக்கான தமிழர்கள் மீண்டும் எழுத்தைப் பார்க்க வழி செய்தவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிதான் அவர். இன்று முதலாண்டில் பயிலும் தம்பி தங்கைகள் பலர் தவழ்ந்து கொண்டிருந்த அல்லது பிறக்கவே பிறக்காத 2006ஆம் ஆண்டில் அவர் மறைந்துவிட்டார். எனவே அவர் கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்வது நல்லது.

கரிசல் மண்ணின் பிள்ளை

1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தின் மூத்த மகனாக அவர் பிறந்தார். எட்டயபுரம் என்றதும் நமக்குப் பாரதியார்தான் நினைவுக்கு வருவார். அதே கரிசல் காட்டில்தான் இவரும் எருமை மேய்த்தார். தாளும் பென்சிலும் இல்லாத பள்ளியில் ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்துப் பழகினார்.

சிறுவயதில் அவருடைய உறவுக்காரப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றை ஒட்டி அடுத்தடுத்து இறந்தனர். ஊரில் மருத்துவர் என்று யாருமில்லை. மகப்பேற்று மருத்துவராகி இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவர் மனத்தில் வேரூன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் படிப்பை முடித்தார். 1945இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் விதி குறுக்கிட்டது. கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் இராணுவப் பணியை விட்டு விலக நேர்ந்தது. ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையிலேயே கிடந்தார். நோயின் வேகம் தணிந்தபோது கைவிரல்கள் கோணி முறுக்கிக் கொண்டிருந்தன. பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடு. மகப்பேற்று மருத்துவர் ஆகும் கனவு அத்துடன் முடிந்தது.

வேறொருவராக இருந்தால் மருத்துவத்தையே கைவிட்டிருப்பார். இவரோ கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். உடலின் மிக நுண்ணிய உறுப்பை அறுத்துத் தைக்கும் துறை அது. நேரான விரல் உள்ளவர்களே தயங்கும் துறை. தன் கைக்கு ஏற்றபடி கருவிகளைப் பிடிக்கப் பழகிப் பழகி, 1951இல் சென்னை அரசு கண் மருத்துவமனையில் மேற்படிப்பை நிறைவு செய்தார். அந்தக் கோணல் விரல்கள்தாம் பின்னாளில் ஒரே நாளில் நூறு கண்புரை அறுவைகள் வரை செய்தன. தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்து முடித்தார்.

ஊருக்குள் வந்த மருத்துவமனை

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். அங்கே ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. கண்புரையால் பார்வையிழந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைப் படியையே மிதிப்பதில்லை. சிகிச்சை இலவசம்தான். ஆனால் பேருந்துக் கட்டணம் வேண்டும். கைபிடித்து அழைத்து வர ஒருவர் வேண்டும். அப்படி வருபவரின் அன்றைய கூலி போய்விடும். முதுமை வந்தால் பார்வை மங்கத்தான் செய்யும் என்ற எண்ணம் வேறு. ஆகவே திண்ணையில் உட்கார்ந்தபடியே முதியவர்கள் காலத்தைக் கழித்தனர்.

நோயாளி வரமாட்டார் என்றால் மருத்துவர் போகவேண்டியதுதான். 1960களில் அவர் ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். பார்வை திரும்பாதவர்களுக்காக மறுவாழ்வு மையம் ஒன்றையும் தொடங்கினார். 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்து கொள்ளாதவர். சேமிப்பும் பெரிதாக இல்லை. அந்த நிலையில் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் போற்றிய ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்குச் சூட்டினார். வீட்டை அடமானம் வைத்தும் நகைகளை அடகு வைத்தும் குடும்பமே தோள் கொடுத்தது. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன் நின்றனர். தம்பி சீனிவாசன் கட்டடப் பணியையும் கணக்கையும் கவனித்துக் கொண்டார்.

அந்த மருத்துவமனையின் கணக்கு எளிமையானது. பணம் கொடுக்க இயன்றவர் கொடுப்பார். இயலாதவர் கொடுக்க வேண்டாம். இருவருக்கும் அறுவை செய்பவர்கள் அதே மருத்துவர்களே. அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்தி விடுவர். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்து அந்தப் பணிகளில் அமர்த்தினார். உலகெங்கும் ஒரே சுவையில் பர்கர் விற்கும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைக் கண்டு, தரம் மாறாத கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று சிந்தித்தவர் அவர்.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்சு அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை 100 அமெரிக்க டாலரை ஒட்டி இருந்தது. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி, மதுரையிலேயே அதைத் தயாரித்து, 10 டாலர் அளவுக்கு விலையைக் கொண்டு வந்தனர். தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று கிளைகள் பரவின. 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், தம் 87ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அந்த 11 படுக்கை மருத்துவமனை ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்யும் நிறுவனமாக வளர்ந்திருந்தது.

திரைக்குப் பின்னால் ஒரு திரை

நண்பர்களே, இவர் வரலாற்றை நான் எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. கண்புரை என்பது கண்ணின் முன்பகுதியில் உள்ள லென்சு மங்குவது. மங்கிய லென்சை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால், பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்பிவிடும். ஆனால் சிலருக்குத் திரும்புவதில்லை. ஏனெனில் அதற்குப் பின்னால் இருக்கும் விழித்திரை முன்பே கெட்டிருக்கும்.

விழித்திரை என்பது கண்ணின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. அதற்குள் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் சுமார் 12 கோடி, நிறத்தை உணரும் கூம்பு செல்கள் சுமார் 60 இலட்சம். இவை ஒளியை மின்குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. நடுவில் உள்ள மாக்குலா என்னும் சிறு புள்ளியால்தான் நாம் எழுத்தைப் படிக்கிறோம், முகத்தை அடையாளம் காண்கிறோம். உயிருள்ள மனிதரின் விழித்திரையைத் தெளிவாகக் காண மருத்துவர்களுக்கு வழி கிடைத்ததே 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்நோக்கியை வெளியிட்ட பிறகுதான்.

விழித்திரையைத் தாக்கும் நோய்கள் பல. முதுமையில் மாக்குலா தேய்ந்தால் நடுப்பார்வை மங்கும். நேர்க்கோடு வளைந்து தெரியும். விழித்திரை கிழிந்து விலகினால் திடீரென மின்னல் போன்ற ஒளியும் கரும்புள்ளிகளும் தோன்றி, ஓரத்திலிருந்து திரை விழுவது போல இருக்கும். அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது. மரபுவழி வரும் நிறமி விழித்திரை நோயில் முதலில் இரவுப் பார்வை குறையும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும்.

நம்மிடையே மிகுதியாகக் கவலை தருவது நீரிழிவு விழித்திரை நோய். இரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் கூடியிருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமடைந்து புடைக்கும், கசியும், அடைபடும். பின்னர் புதிய குழாய்கள் தாறுமாறாக முளைத்து வெடித்துக் கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டும். இதில் கொடுமை என்னவென்றால், நோய் வெகுதூரம் முற்றும்வரை வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. முன்னதாகக் கண்டால் லேசர் கொண்டும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து கொண்டும் பார்வையைக் காக்கலாம். முற்றிய பின் இழந்ததை மீட்பது அரிது. கண்புரையில் காலம் தாழ்த்தினாலும் பெரும்பாலும் வழியுண்டு. விழித்திரையில் காலம்தான் எல்லாம்.

டாக்டர் வெங்கடசாமி காலத்திலேயே அரவிந்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உருவானது. அமெரிக்காவில் விழித்திரைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற டாக்டர் நம்பெருமாள்சாமி அதை வளர்த்தார். முகாம்களில் கண்புரையோடு நீரிழிவாளரின் விழித்திரையையும் பார்க்கத் தொடங்கினர். 2016இல் விழித்திரைப் படத்தைக் கணினியே ஆராய்ந்து இந்நோயைக் கண்டறியும் முறை பற்றிக் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்குப் படங்கள் தந்து உதவிய இந்திய மருத்துவமனைகள் மூன்றில் அரவிந்தும் ஒன்று.

பினாங்கில் நாம்

இனி நம் ஊருக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் கூடியிருக்கும் நம் வீட்டு விருந்தில் மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். லெபோ பாசாரில் ஒரு தே தாரிக், பின்னிரவில் நாசி கண்டார், திருநாளில் பலகாரம் என்று வாழும் நமக்கு இது வியப்பளிக்காது.

என் பெரியம்மா ஜோர்ஜ்டவுனில் பல ஆண்டுகள் பூக்கட்டி விற்றவர். இனிப்புநீர் வந்து பதினைந்து ஆண்டுகளாகியும் கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று சொல்லிக் கொண்டிருந்தார். பார்வை மங்கியபோது அது கண்புரை என்றே குடும்பத்தில் எல்லாரும் நம்பினோம். கண்புரையும் இருந்தது, அறுவையும் நன்றாகவே நடந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் முகங்கள் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. விழித்திரை முன்பே பாதிக்கப்பட்டிருந்ததை மருத்துவர் படம் காட்டி விளக்கினார். லேசர் சிகிச்சையால் எஞ்சிய பார்வை நின்றது. இன்றும் அவர் மல்லிகை தொடுக்கிறார், விரல் உணர்வைக் கொண்டு. பேரப்பிள்ளைகளைக் குரலைக் கொண்டு அறிகிறார்.

டாக்டர் வெங்கடசாமியின் வரலாற்றைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் நினைவுதான் வந்தது. வடமலாபுரத்து முதியவருக்கு மருத்துவமனை எட்டாத் தொலைவில் இருந்தது. நமக்கோ ஜாலான் ரெசிடென்சியில் பொது மருத்துவமனை இருக்கிறது. பல அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் விழித்திரையைப் படமெடுக்கும் கருவி உண்டு. தொலைவு நீங்கிவிட்டது; ஆனால் திண்ணை மட்டும் நம் மனத்தில் இன்னும் இருக்கிறது. விடுப்பு எடுக்க வேண்டுமே, யார் அழைத்துப் போவது, கண்தான் தெரிகிறதே என்னும் சாக்குகள் எல்லாம் 1960களில் மதுரைக் கிராமங்களில் அவர் கேட்டவையே.

அவற்றுக்கு அவர் கண்ட விடை, யாராவது ஒருவர் எழுந்து போய் அழைத்து வர வேண்டும் என்பதே. அந்த ஒருவராக நாம் இருக்கலாம். நீரிழிவு உள்ள பெற்றோரை, அத்தை மாமாவை, ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும். அவர்களால் வண்டி ஓட்ட முடியாது. ஆகவே உடன் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒரு விடுமுறைக் காலைப் பொழுதுதான் செலவாகும். கண்கெட்ட பின் சூரிய வணக்கம் செய்து பயனில்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

கோணிய விரல்களோடு ஒருவர் ஓர் இலட்சம் கண்களுக்கு ஒளி தந்தார். நேரான விரல்கள் கொண்ட நாம், நம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்து அழைத்துப் போவது கடினமான காரியமா? அடுத்த செமெஸ்டர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இதை மறவாமல் செய்யுங்கள், நண்பர்களே.