சுவருக்கு வந்த ஓவியர்



போஸ்டர் போடுகிறவர் என்றால் ஊரில் ஒரு இளக்காரம் இருக்கத்தான் செய்கிறது. நோட்டீஸ் அடிக்கவா மூணு வருஷப் படிப்பு என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர்தான் அல்ஃபோன்ஸ் முஹா.

1860-இல், இன்றைய செக் நாட்டின் இவான்சிட்சே என்ற சிற்றூரில் பிறந்தார். பிராக் கலைக்கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வியன்னாவில் நாடகத் திரைகள் வரையும் கம்பெனியில் வேலை கிடைத்தது. 1881-இல் ரிங் தியேட்டர் எரிந்து சாம்பலானதும் அந்த வேலையும் போச்சு! பிறகு பாரிஸில் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தார்.

1894 கடைசியில், பிரபல நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டின் ஜிஸ்மோண்டா நாடகத்துக்கு அவசரமாகப் போஸ்டர் தேவைப்பட்டது. வேலை முஹாவிடம் வந்தது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், ஒடுங்கிய அகலம், கையில் குருத்தோலை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போல் ஒரு வளைவு. 1895 புத்தாண்டில் பாரிஸ் சுவர்களில் அது ஏறியது. சாரா அவரைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொண்டார்.

அப்போது பாரிஸில் சிம்பலிசம் என்ற குறியீட்டுப் பாணி பரவியிருந்தது. கண்ணால் கண்டதை அப்படியே வரையாமல், மனசிலுள்ளதை ஒரு பூவால், நட்சத்திரத்தால், பெண்ணுருவால் உணர்த்துவது அது. முஹா அதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். 1896-இல் வரைந்த ஜாப் சிகரெட் தாள் விளம்பரத்தைப் பாருங்கள். கூந்தலே புகை மாதிரி சுருண்டு எழுகிறது. கம்பெனி எழுத்துகளே பின்னணிக் கோலமாகின்றன. அச்சானது லித்தோ கல்லில். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற நம்ம ஆஃப்செட் தத்துவமேதான்! அதற்குத் தோதாகத் தடித்த வெளிக்கோடு, உள்ளே தட்டையான நிறங்கள்.

விளம்பரத்தோடு அவர் நிற்கவில்லை. 1899-இல் கிறிஸ்தவ ஜெபம் ஒன்றை வரிவரியாகக் குறியீட்டுப் படங்களாக்கி லெ பாத்தர் என்ற நூலாக்கினார். 1918-இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்ததும் அதன் தபால்தலைக்கும் ரூபாய் நோட்டு போன்ற பணத்தாளுக்கும் வடிவம் தந்தார். ஸ்லாவ் மக்களின் வரலாற்றை 20 பிரம்மாண்ட ஓவியங்களாக்கி 1928-இல் பிராக் நகருக்கே கொடுத்தார்.

1939-இல் நாஜிப் படை பிராக்கில் நுழைந்தது. 78 வயதுப் பெரியவரை கெஸ்டபோ பிடித்துப்போய் விசாரித்தது. வெளியே வந்தவர் நிமோனியாவால் ஜூலை 14 அன்று காலமானார். சிகரெட் தாளுக்குப் படம் போட்ட அதே கைதான் ஒரு நாட்டுக்கு அடையாளமும் வரைந்தது.

நண்பர்களே! நாளை நமக்கு வருவது கல்யாணப் பத்திரிகையோ சோப்பு உறையோ, எதுவானாலும் சரி. ஒரு ஓரத்தில் பூ போடுமுன், அது என்ன சொல்கிறது என்று ஒரு தரம் யோசிப்போம். ஒன்றும் சொல்லவில்லையா, அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவோம்!