காற்றைப் படம் பிடித்தவர்

உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவியர் மாக் எண்ணை அறிவர். ஒரு பொருள் ஒலியைவிட எத்தனை மடங்கு வேகமாகச் செல்கிறது என்பதைக் கூறும் எண் அது. அப்பெயருக்குரியவர் ஏர்ன்ஸ்ட் மாக்.

1838 இல் அவுஸ்திரியப் பேரரசின் மொராவியாவில் பிறந்தார். படிப்பு ஏறாத பிள்ளை என்று துறவிகளின் பாடசாலை கருதியதால் தந்தையே வீட்டில் கற்பித்தார். தளபாடம் செய்யும் தச்சரிடம் இரண்டு ஆண்டுகள் தொழிலும் பழகினார். பின்னாளில் கருவிகள் அமைப்பதற்கு அந்தக் கைப்பழக்கம் உதவியிருக்கும். 1867 இல் பிராக் நகரில் பேராசிரியரானார்.

1870 இல் மூண்ட பிரெஞ்சு-பிரஷ்ய யுத்தத்தில் காயமுற்றோரிடம் குழிபோன்ற பெரும் புண்கள் காணப்பட்டன. வெடிக்கும் சன்னங்களைப் பயன்படுத்துவதில்லை என்று நாடுகள் 1868 இலேயே உடன்பட்டிருந்தன. பிரெஞ்சுக்காரர் அந்த வாக்கை மீறியதாகப் பழி எழுந்தது. சன்னம் தன்முன்னே அமுக்கிச் செல்லும் காற்றே காரணம் என்றார் பெல்ஜிய அறிஞர் மெல்சன்ஸ். 1881 இல் பாரிசில் இதைக் கேட்ட மாக், அந்தக் காற்றையே கண்ணால் பார்க்க விரும்பினார்.

இருட்டில் கமெரா திறந்தே இருக்கும். பறந்துவரும் சன்னமே மின்சுற்றைப் பூர்த்தியாக்க, லெய்டன் சாடியிலிருந்து பொறி பாயும். இமைப்பொழுதிலும் மிகக் குறுகிய அவ்வொளியில் சன்னம் அசையாது நிற்பதுபோல் பதியும். தெப்லர் வகுத்த ஒளியியல் முறை காற்றின் அடர்த்தி மாற்றத்தையும் நிழலாகக் காட்டும்.

1884 இல் கைத்துப்பாக்கியால் சுட்டபோது சன்னம் தெளிவாகப் பதிந்தது. காற்றிலோ ஒன்றுமில்லை! மாக் சோரவில்லை. அச்சன்னம் ஒலியின் வேகமான செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரை எட்டவில்லை என்று கண்டுகொண்டார். வெறுமையான படத்திலிருந்து காரணத்தைப் படித்த இந்த இடமே அவரது வாழ்வில் எனக்கு மிகப் பிடித்தது.

1886 இல், இன்று குரோசியாவிலுள்ள ஃபியூமே நகரின் கடற்படைக் கழகத்தில் கற்பித்த பீற்றர் சால்ஷரை நாடினார். மாக் கடிதங்களால் வழிகாட்ட, சால்ஷர் வேகம் கூடிய இராணுவத் துவக்குகளால் சுட்டுப் படமெடுத்தார். விரையும் வள்ளத்தின் முன்னே பிளக்கும் நீரைப்போல, சன்னத்தின் முன்னால் வளைந்த அலையொன்று பதிந்திருந்தது. 1887 இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. வெடிமருந்து இல்லாமலே, மிகுவேகம் ஒன்றே வெடித்தாற்போன்ற காயத்தை உண்டாக்கும் என்பது மாக்கின் முடிவு.

கண்டால்தான் ஏற்பேன் என்ற இதே பிடிவாதம் அணுக்களை நெடுங்காலம் மறுக்கவும் அவரைத் தூண்டியது. அதில் அவர் தவறினார்.

1898 இல் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் தட்டச்சுச் செய்து தொடர்ந்து எழுதினார். 1916 இல் காலமானார். 1929 இல் சுவிஸ் பொறியியலாளர் அக்கெரெற் அந்த எண்ணுக்கு மாக்கின் பெயரைச் சூட்டினார். சால்ஷரின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே.