தொழிலாளரின் தோழர் திரு.வி.க.



நம் மணவூர் நிலையத்தில் இரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் பெரம்பூரைக் கடந்தே செல்கின்றனர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் அப்பெரம்பூர்ப் பகுதியில்தான் பிறந்தது. அதற்காக உழைத்தவருள் ஒருவர் தமிழ்த்தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனார்.

செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர், 1917-இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' இதழின் ஆசிரியரானார்.

அந்நாளில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் உழைத்தோர் நிலை இரங்கத்தக்கது. விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்புவர். நண்பகலில் உண்ணக் கிடைத்த நேரமோ மிகச் சொற்பம். இக்குறையைக் கேட்டு மனமுருகிய செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இருவரின் முயற்சியால் 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டில் அவர் தம் துணைவியாரை இழந்தார். ஆயினும் பணியை விடவில்லை.

சங்கத்தைக் காக்க அன்று சட்டம் இல்லை. ஆலை நிர்வாகம் வாடியாமீது வழக்குத் தொடுத்தது. 1921-இல் அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. பெரும்பாரம் திரு.வி.க.வின் தோள்மீது விழுந்தது. அவ்வாண்டு நடந்த நீண்ட வேலை நிறுத்தத்தில் தொழிலாளரே சாதியால் பிளவுபட்டனர். புளியந்தோப்பில் கலகம் மூண்டது; குடிசைகள் எரிந்தன; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. நாடுகடத்தப்படுவார் என்ற எச்சரிக்கைக்கும் திரு.வி.க. அஞ்சவில்லை. எனினும் போராட்டம் தோற்றது. வெளிப்பகையினும் உட்பிரிவே கொடிது என்பது அன்று கிடைத்த கசப்பான பாடம்.

அப்பாடுகள் முற்றும் வீண்போகவில்லை. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் அமைப்பது சட்டப்படியான உரிமையாயிற்று. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலும், ஆலைப் போராட்டத்தை ஒட்டி, முதிய வயதில் அவர் தம் இல்லத்திலேயே காவலில் வைக்கப்பட்டார். 1953 செப்டம்பர் 17-ஆம் நாள் மறைந்தார்.

சைவ நெறியில் வளர்ந்த அப்பெருமகனார், 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்ற நூலையும் நமக்குத் தந்துள்ளார். உழைப்போருக்கு நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் உண்டு என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தம் சுற்றுமடல் வழியே உலகுக்கு அறிவித்தார். அதையே திரு.வி.க. பெரம்பூர்த் தெருக்களில் வாழ்ந்து காட்டினார்.

யூபிலி கொண்டாடும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் வயலிலும் வீட்டிலும் உழைப்பவருக்கு உரிய கூலியை உரிய வேளையில் தருகிறோமா? சாதி பாராமல் அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோமா? இவற்றிற்கு ஆம் என்று சொல்லக்கூடிய பங்காக வளர்வோமாக!