கைவினைஞரைக் குருவாகக் கொண்ட சிற்பி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சிற்பம் ஆண்களின் கலை என்று பலர் கருதிய காலத்தில் உலைக்களத்தில் இறங்கிய வங்கப் பெண்மணி மீரா முகர்ஜி. 1923இல் கல்கத்தாவில் பிறந்த அவர், 1953 முதல் 1956 வரை ஜெர்மனியில் மியூனிக் நகரில் சிற்பம் பயின்றார்.

மேல்நாடு சென்று திரும்பியவர், பஸ்தார் பகுதியின் பழங்குடி வார்ப்புக் கலைஞர்களிடம் மாணவியாக அமர்ந்தார். களிமண் உருவின்மேல் மெழுகு இழைகளைச் சுற்றி, மீண்டும் மண் பூசிச் சுடுவர். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகக் குழம்பு நிறையும். தேன்மெழுகு ஏறத்தாழ 64 டிகிரியில் உருகும். வெண்கலத்திற்கோ 900 டிகிரிக்கு மேல் வேண்டும். நாம் ஆய்வுக்கூடத்தில் அறியும் இவ்வுண்மையை அக்கைகள் தலைமுறைகளாக அறிந்திருந்தன.

அம்மரபைத் தழுவி, 1972இல் 'கலிங்கத்தில் அசோகர்' என்னும் பெருஞ்சிலையைப் பல பகுதிகளாக வார்த்து இணைத்தார். வென்றும் மனம் வருந்திய அம்மன்னன் புது தில்லி மௌரியா விடுதியில் நிற்கிறான். மீனவர், நெசவாளர், படகோட்டி என உழைப்பாளரையும் அவர் வடித்தார். இந்திய உலோகக் கைவினைஞர்களைப் பற்றிய அவரது ஆய்வு 1978இல் நூலாயிற்று. 1992இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1998இல் மறைந்தார்.

எங்கள் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் பல. அத்தகைய பட்டறையில் உழைத்தே என் தந்தை என்னைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். படித்தவன் கையில் கரி படியலாகாது என்பர் உறவினர். மீராவின் வாழ்வை அறிந்தபின் எனக்கு அவ்வெண்ணம் இல்லை. இவ்விடுமுறையில் தந்தையிடம் பொடி வைத்து ஊதக் கற்று வருகிறேன்.