சிற்பி எர்ன்ஸ்டு பார்லாக்

கல்லிலும் மரத்திலும் உருவம் காண்பது சிற்பியின் தொழில். அவ்வுருவத்தின்கண் உள்ளத்தைப் புலப்படுத்துவது அவனது கலை. வெற்றியையும் வீரத்தையும் வடித்துப் புகழெய்திய சிற்பிகள் பலர். இழப்பையும் துயரையும் வடித்து, அது காரணமாகவே துன்புற்ற சிற்பிகள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜெர்மனி நாட்டினராகிய எர்ன்ஸ்டு பார்லாக்.

இவர் 1870ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2ஆம் நாள், எல்பு ஆற்றங்கரையிலுள்ள வேடல் என்னும் சிற்றூரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆம்பர்க்கு, டிரெசுடன், பாரிசு ஆகிய நகரங்களில் கலை பயின்றார். ஆயினும் தமக்கென ஒரு தனிநெறி காணாது நெடுங்காலம் மயங்கினார்.

1906ஆம் ஆண்டில் அவர் ருசிய நாட்டிற்குச் சென்றார். அங்கே பரந்த சமவெளியில் உழவரையும் இரவலரையும் கண்டார். தடித்த ஆடைக்குள் ஒடுங்கிக் குளிரையும் பசியையும் பொறுத்திருந்த அவ்வெளியோரிடம், மனித வாழ்வின் மெய்ம்மையே உருக்கொண்டு நிற்பதாக உணர்ந்தார். தாம் தேடிய நெறி அவருக்குக் கிடைத்தது. அன்று முதல் அவர்தம் உளி, வீண் அணிகளை நீக்கி, திரண்ட எளிய வடிவங்களையே செதுக்கலாயிற்று. மரமே அவர் பெரிதும் விரும்பிய பொருள். 1910ஆம் ஆண்டில் கூசுட்ரோ என்னும் சிறு நகரில் குடியேறி, இறுதிவரை அங்கேயே உழைத்தார். நாடகங்களும் இயற்றிப் பரிசு பெற்றார்.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. பலரையும் போலப் பார்லாக்கும் தொடக்கத்தில் அதனை ஆர்வத்துடன் வரவேற்றார். பின்னர்த் தாமே சில காலம் படையிற் பணிபுரிந்தார். போரின் கொடுமையை அறிந்தபின் அவர் உள்ளம் முற்றிலும் மாறியது.

போர் முடிந்ததும், மாண்ட வீரர்க்கு நினைவுச் சின்னம் அமைக்குமாறு பல நகரத்தார் அவரை வேண்டினர். 1927ஆம் ஆண்டில் கூசுட்ரோத் தலைமைக் கோயிலுக்காக, அவர் வானவர் ஒருவரின் உருவத்தை வெண்கலத்தில் அமைத்தார். அது தரையில் நிற்பதன்று, கூரையிலிருந்து தொங்குவது. கண்களை மூடி, கைகளை மார்பிற் சேர்த்து, துயரை உள்ளடக்கி மிதப்பது. அதன் முகம், போரில் மகனை இழந்த கேத்தே கோல்விட்சு என்னும் கலைச்செல்வியின் முகத்தை ஒத்திருந்தது. 1929ஆம் ஆண்டில் மாக்டெபர்க்குக் கோயிலில் வைக்கப்பெற்ற மரச்சிற்பத்திலோ, வெற்றிப் பெருமிதம் சிறிதுமின்றி, களைத்த வீரரும் அழும் பெண்ணும் எலும்புருவும் காணப்பட்டனர்.

போரைப் புகழாத இச்சின்னங்கள் சிலருக்குச் சினமூட்டின. 1933ஆம் ஆண்டில் இட்லரின் ஆட்சி ஏற்பட்டபின் எதிர்ப்பு வலுத்தது. மாக்டெபர்க்குச் சிற்பம் அகற்றப்பட்டது. நாட்டின் அருங்காட்சியகங்களிலும் கோயில்களிலும் இருந்த அவருடைய படைப்புகள் நூற்றுக்கணக்கில் நீக்கப்பட்டன. 1937ஆம் ஆண்டில் கூசுட்ரோவின் வானவர் உருவமும் இறக்கப்பட்டது; பின்னர்ப் போர்த் தேவைக்கென உருக்கப்பட்டது. துயரின் சின்னமே படைக்கலத்திற்கு உலோகமாயிற்று. தம் வாழ்நாட் பணி அழிவதைக் கண்ணுற்ற பார்லாக், 1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் ராசுடாக்கு நகரில் உயிர்நீத்தார்.

ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. வானவர் உருவின் மூல அச்சு எஞ்சியிருந்தது. நண்பர்கள் அதனைக் கொண்டு மறைவாக மற்றோர் உருவை வார்ப்பித்து, ஒரு சிற்றூரில் ஒளித்துவைத்தனர். அச்சும் பின்னர்ப் போரில் அழிந்தது. ஒளித்துவைத்த உருவோ பிழைத்தது. அது 1952ஆம் ஆண்டில் கொலோன் நகரத்துக் கோயிலொன்றில் இடம்பெற்றது. அதிலிருந்து எடுத்த மற்றொரு வார்ப்பு, 1953ஆம் ஆண்டில் கூசுட்ரோக் கோயிலுக்கே மீண்டது. மாக்டெபர்க்குச் சிற்பமும் தன் பழைய இடத்தை அடைந்தது.

ஆட்சியின் ஆணை வெண்கலத்தை உருக்கவல்லது. அதில் உறைந்த உண்மையை உருக்கவல்லதன்று. அவ்வுண்மையைப் பொன்னேபோற் போற்றிக் காத்த நண்பர்களும், அதனைப் படைத்த சிற்பியைப் போலவே நினைக்கத் தக்கவராவர்.